வாரம் இரண்டு முட்டை

கார்டு
மதுரை, 12-7-1965

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மகன் முகைதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ் உதவியால் உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைக்குத்தான் பி.ஏ. பொருளாதாரம். இதைக் கொடைக்கானல் பஜாரில் நம் கடைவாசலில் நின்று உரக்கப் படிக்கப்போகும் கம்பளிக்கடை குருநாதன் மாமாவுக்கும், சுற்றி நின்று கேட்கப்போகும் மகாஜனங்களுக்கும் என் வணக்கம்.

இந்த வாரப் பாடம் பணவீக்கம். பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கியும் எனக்குப் புரியவில்லை. விடுதிச் சாப்பாட்டில் ஒரே கரண்டியில் புரிந்துவிட்டது. பருப்பு போன வருஷம் போட்ட அதே அளவு. பையன்கள் தொகை கூடிவிட்டது. ஆகவே தண்ணீரைக் கூட்டினார்கள். வாளி நிறைந்திருக்கிறது, சாம்பாரைத்தான் காணோம். அரசாங்கம் நோட்டு அச்சடிப்பதும் இப்படித்தானாம்.

இங்கே இரண்டு மெஸ். சைவ மெஸ்ஸுக்குப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் இந்தியா, கறி மெஸ்ஸுக்குப் பாகிஸ்தான். நடுவில் உள்ள நடை எல்லைக்கோடு. அங்கே படுத்திருக்கும் பூனை இரண்டு பக்கமும் தின்றுவிட்டு நடுநிலை வகிக்கிறது. கட்டணம் குறைவு என்பதால் நான் இந்தியப் பிரஜை. கார்டில் இடமில்லை. துஆச் செய்யுங்கள்.

மகன் முகைதீன்


உள்நாட்டுக் கடிதம்
கொடைக்கானல், 21-7-1965

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசியாவின் ஸலாமும் துஆவும். அத்தாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு மழைக்கால இருமல், எனக்கு உன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்த விரல் வலி. மற்றபடி சுகம். நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

கார்டு வந்த அன்று கடைவாசலில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அத்தாவுக்கு நானே படித்துக் காட்டியிருப்பேன். ஆனால் மகன் எழுதியதை நாலு பேர் நடுவில் கேட்டால்தான் அவருக்குக் கேட்டதுபோல் இருக்கும். நான் வழக்கம்போல் உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றேன். "ஏலே, சத்தம் போடாதீங்க, மாப்பிள்ளை என்னமோ எழுதியிருக்கான்" என்று மாமா ஆரம்பித்தார். பூனை வந்த இடத்தில் அவரே படிக்க முடியாமல் சிரித்தார். "பூனையை மறுபடி வாசிங்க மச்சான்" என்று அத்தா மூன்று முறை கேட்டார். செண்பகனூரில் சம்பந்தி வீட்டில் படித்துக் காட்ட வேண்டுமென்று மாமா கார்டைக் கையோடு வாங்கிப் போய்விட்டார்.

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். பழனியிலிருந்து பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் என்னைப் பார்த்துப் போயிருக்கிறது. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் வைக்கலாம் என்கிறார்கள்.

நீ பருப்புத் தண்ணீரில் வயிற்றை நிரப்புவது அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "முட்டையாவது திங்கட்டும்" என்று மணியார்டர் அனுப்பியிருக்கிறார். மெஸ்ஸை மாற்றிக்கொள்.

அக்கா ஆசியா


கார்டு
பாகிஸ்தான், 9-8-1965

அன்புள்ள அத்தா, அம்மா இருவருக்கும் மகன் முகைதீனின் ஸலாம். நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்து மாமா திடுக்கிட்டிருப்பார். ஆம், அத்தா அனுப்பிய பணத்தின் பலனாக முதல் தேதியே பாகிஸ்தானுக்குப் போய்விட்டேன். இந்தியாவில் இப்போதுள்ள விலைவாசியில் மனிதன் பிழைக்க முடியாது. இங்கே வாரம் இரண்டு முட்டை. பாஸ்போர்ட் தேவைப்படவில்லை, ஒரு கையெழுத்து போதும். என் அறைத் தோழன் ராமரையும் கையோடு கூட்டி வந்துவிட்டேன். அவன் முதல் முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான், இரண்டாவதைத் திறந்துகொண்டு. மூன்றாவது கிடைக்காததால் அரசாங்கத்தைத் திட்டினான். முதல் முட்டையில் இருக்கும் இன்பம் அடுத்ததில் குறையும் என்று எங்கள் புத்தகம் சொல்வது தவறு என்று இப்படியாக நிரூபணமாயிற்று.

கோதுமை அமெரிக்காவிலிருந்து வருகிறது. அதை உப்புமாவாகக் கிண்டி நாங்கள் பழிவாங்குகிறோம். வஸ்ஸலாம்.

முகைதீன்


உள்நாட்டுக் கடிதம்
கொடைக்கானல், 19-8-1965

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். எல்லோரும் சுகம். மழை விடவில்லை. கீழிருந்து அரிசி லாரி வருவது குறைந்துவிட்டது.

இந்தக் கார்டை மாமாவிடம்கூட அத்தா கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். பங்களா பட்லர் சாமான் வாங்க வந்து, "மகன் எப்படி இருக்கான் பாய்?" என்று கேட்டால் போதும். "அவன் பாகிஸ்தானுக்குல்ல போயிட்டான்! வாரம் ரெண்டு முட்டை குடுக்குறாங்களாம்ல!" என்பார். பட்லர் முழிப்பார். அத்தா கார்டை எடுத்து நீட்டுவார். பக்கத்துக் கடையிலிருந்து மாமா வந்து விளக்கம் சொல்வார். பிறகு மூவரும் சிரிப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு முறையாவது இது நடக்கிறது. பழனிக்காரர்கள் வந்தபோதும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் இப்போது அந்தச் சொல்லுக்கு மெஸ் என்றே அர்த்தமாகிவிட்டது. "பாகிஸ்தான்ல குளிக்க வெந்நீர் உண்டான்னு கேளு" என்று நேற்று அம்மா சொன்னாள், சிரிக்காமல்.

டீக்கடை ரேடியோவில் காஷ்மீரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசியா


கார்டு
மதுரை, 10-9-1965

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் முகைதீன் ஸலாம். நலமே. அங்கிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சண்டைக்குத் தபால்காரரையும் கூட்டிப் போய்விட்டார்களா?

இங்கேயும் இரவில் விளக்கு அணைப்பு உண்டு. இருட்டில் சாப்பிடுவதால் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்ற கேள்வி எழுவதில்லை. விடுதி வரலாற்றிலேயே அமைதியான சாப்பாட்டு நேரம் இதுதான். செவ்வாய்க்கிழமை வார்டன் ஓர் அறிக்கை ஒட்டினார். இனிமேல் யாரும் மெஸ்ஸைப் பாகிஸ்தான் என்று சொல்லக் கூடாதாம், பி மெஸ் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இரண்டு நாட்டு ராணுவம் முடிக்காத காரியத்தை எங்கள் வார்டன் நாலு குண்டூசியில் முடித்துவிட்டார்.

மாமா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும். துஆச் செய்யுங்கள்.

முகைதீன்


உள்நாட்டுக் கடிதம்
கொடைக்கானல், 23-9-1965

அன்புத் தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம்.

இனிமேல் கார்டு போடாதே. எழுதுவதானால் ஒட்டிய கவரில், என் பெயருக்கு எழுது. உன் கடைசிக் கார்டைத் தபால்காரர் கடைப்பக்கம் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வந்து கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அத்தா சோலியாகக் கீழே போயிருக்கிறார். வரச் சில நாள் ஆகும். குருநாதன் மாமாவுக்கும் வேலை அதிகம். நீ எதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ளாமல் படி. காலாண்டுப் பரீட்சை எப்போது?

ஆசியா


கவர்
கொடைக்கானல், 7-10-1965

சிரஞ்சீவி முகைதீனுக்குக் குருநாதன் ஆசீர்வாதம். பழனியாண்டவர் கிருபையால் இவ்விடம் க்ஷேமம். உன் க்ஷேமமும் அவ்வாறே இருக்கட்டும்.

நீ எனக்குத் தனியாகப் போட்ட கார்டு கிடைத்தது. அதைக் கடையில் வைத்துப் படிக்கவில்லை. உன் அக்காள் எதையும் எழுதாமல் மழுப்புகிறாள் என்று கேட்டிருக்கிறாய். ஒருவர் மூலம் உனக்குத் தெரியத்தான் வேண்டும்.

சென்ற மாதம் பதினோராம் தேதி சனிக்கிழமை உன் தகப்பனாரை விசாரணைக்கென்று ஜீப்பில் அழைத்துப் போனார்கள். கடை சீல் வைக்கப்பட்டிருக்கிறது. அரிசி சம்பந்தமாக என்கிறார்கள். நீ இருக்கும் இடம் சம்பந்தமாக என்றும் சொல்கிறார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பக்கத்துக் கடைக்காரன் என்ற முறையில் கார்டு படிக்கச் சொன்னால் படித்துக் கொடுப்பேன், படித்தது மனதில் நிற்பதில்லை என்று சொன்னேன். எனக்கும் வயதாகிறது. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் கிடந்த பழைய தாள்களையெல்லாம் ஒழித்துவிட்டேன். எனக்கு மேற்கொண்டு எழுத வேண்டாம். இதையும் படித்ததும் கிழித்துவிடவும்.

குருநாதன்


கவர்
கொடைக்கானல், 14-10-1965

அன்புத் தம்பிக்கு ஸலாம். உன் தந்தி வந்தது. தந்தி என்றதும் மவுத்துச் செய்தி என்று நினைத்து அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இருமல் கூடியிருக்கிறது. மாமா எழுதிவிட்டார் என்று தெரிகிறது. மறைத்தது நான்தான். "படிக்கிற புள்ளைக்கு எழுதாத" என்று ஜீப்பில் ஏறும்போது அத்தா சொன்னார். உன்னையும் பிடித்துவிடுவார்கள் என்று எனக்கும் பயம்.

நடந்தது இதுதான். அன்று முற்பகலில் அரிசி இருப்பைச் சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். இருப்பு சரியாகவே இருந்தது. எழுந்து போகிற நேரத்தில், மூத்தவர் சும்மா ஒரு மரியாதைக்கு, "பிள்ளைங்க என்ன பண்றாங்க பாய்?" என்று கேட்டார். நான் மூட்டைக்குப் பின்னால் நின்றேன். அத்தா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் குரல் கொடுக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது.

"ஒரே மகன்தாங்க. பாகிஸ்தான்ல இருக்கான். இங்க விலைவாசி கட்டுப்படியாகலைன்னு போயிட்டான். கூட ஒருத்தனையும்ல கூட்டிட்டுப் போயிருக்கான்!" என்று சொல்லிவிட்டு அத்தா சிரித்தார்.

சண்டை நடப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முதல் நாள்கூட டீக்கடையில் நின்று ரேடியோ கேட்டார். ஆனால் அந்தப் பாகிஸ்தான் வேறு, நாம் பேசும் பாகிஸ்தான் வேறு. அவருக்கு இரண்டும் ஒன்றென்று தோன்றவே இல்லை.

அவர்கள் சிரிக்கவில்லை. உடனே அத்தா வழக்கம்போல் கார்டை எடுத்து நீட்டினார். தம்பி, அந்தக் கார்டில் மெஸ் என்ற சொல்லே இல்லை. மேலே ஊர்ப்பெயரும் பாகிஸ்தான். தபால் முத்திரையை மதுரை என்று படிக்கலாம், படிக்க வேண்டும் என்று நினைத்தால். மெஸ்ஸைப் பற்றி எழுதிய முதல் கார்டு மாமாவிடம் இருக்கிறது என்று அத்தா சொன்னார். பக்கத்துக் கடைக்குப் போய்க் கேட்டார்கள். மாமா நினைவில்லை என்றார். அன்று சாயங்காலம் மாமா வீட்டுக் கந்தம்மாள் அத்தை கொல்லை வழியாக வந்தாள். "ஒங்க மாமா அதை வெந்நீர் அடுப்புல போட்டுட்டாரும்மா" என்று சொல்லி அழுதாள்.

நீ இங்கே வராதே. உன் வார்டனிடம் உண்மையை எழுதி வாங்கி அனுப்பு. அத்தாவை வைத்திருப்பது மதுரையில்தான் என்கிறார்கள், உன் விடுதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்.

ஆசியா


கவர்
மதுரை, 24-10-1965

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தா ஜீப்பில் ஏறிய மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? சினிமா டிக்கெட் கள்ளச் சந்தையைப் பற்றி விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதினேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு அவர் இரண்டு மைல் தள்ளி இருந்திருக்கிறார்.

வார்டன் சான்றிதழ் கொடுத்துவிட்டார். நகல் இது: "மேற்படி விடுதி மாணவர்களால் பாகிஸ்தான் என்று அழைக்கப்பட்டு வந்தது புலால் உணவுக்கூடமே என்றும், மாணவன் முகைதீன் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அதில் உணவருந்தி வருகிறான் என்றும், அங்கு வாரம் இருமுறை முட்டை வழங்கப்படுவது உண்மையே என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே நான் ஆறு கார்டு எழுதியிருப்பேன்.

அத்தாவை வைத்திருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பார்க்க விடவில்லை. மூன்று நாள் போய் எதிர்ச்சாரியில் நின்றேன். கடைசி நாள் ராமரும் வந்தான். "நானுந்தாங்க பாகிஸ்தானுக்குப் போனேன். என்னையும் புடிச்சு உள்ள போடுங்க" என்று வாசலில் நின்று சொன்னான். "போடா, வேலையைப் பாரு" என்று அவனை விரட்டிவிட்டார்கள். என்னை விரட்டவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அக்கா, இதெல்லாம் என்னால் வந்தது. அம்மாவிடம் அப்படியே சொல்.

முகைதீன்


கவர்
கொடைக்கானல், 2-12-1965

அன்புத் தம்பிக்கு ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், போன வெள்ளிக்கிழமை அத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். குற்றம் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நடக்கிறார், சாப்பிடுகிறார். இடது காது கேட்கவில்லை. எப்படி என்று அம்மா கேட்டாள். "குளுரு" என்றார். மதுரையில் ஏது குளிர் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடையைத் திறந்துவிட்டோம். அரிசி விற்க உத்தரவு திரும்பவில்லை. மிளகாய், தீப்பெட்டி, சோப்பு வைத்திருக்கிறார். பட்லர்கள் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. வணக்கம் சொல்கிறார்கள், வெரசாக நடக்கிறார்கள். பழனியிலிருந்து மூன்று வரிக் கடிதம் வந்தது. நிக்காஹ் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன், முடிந்தது. நீ அதற்காக ஒன்றும் எழுத வேண்டாம்.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று அத்தா கேட்டார். "அவன் ஏன் கார்டு போடுறதில்ல?" நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நிப்பாட்டிட்டா, ஏதோ தப்புப் பண்ணித்தான் நிப்பாட்டிட்டோம்னு நெனைப்பாங்கள்ல? போடச் சொல்லு. முன்னாடி மாதிரியே போடச் சொல்லு. கேக்குறவன் சிரிக்கணும்."

கார்டு போடு தம்பி.

ஆசியா


கார்டு
மதுரை, 9-12-1965

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மகன் முகைதீன் ஸலாம். நான் நலம். அங்கு எல்லோருடைய நலத்துக்கும் துஆச் செய்கிறேன்.

பாடங்கள் ஒழுங்காக நடக்கின்றன. அரையாண்டுப் பரீட்சை பதினாறாம் தேதி தொடங்குகிறது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு நாளாக இங்கு மழை. துவைத்த துணி காயவில்லை. வேறு விசேஷம் இல்லை.

தங்கள் மகன்
முகைதீன்


கவர்
கொடைக்கானல், 15-12-1965

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். நாங்கள் மூவரும் சுகம். பரீட்சை நல்லபடியாக எழுது.

நேற்று கார்டு வந்தது. தபால்காரர் இந்த முறை கடையிலேயே கொடுத்தார். முதலில் அதை அத்தா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மெதுவாக, வலது காதுப் பக்கம் படித்தேன். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான்" என்றேன். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு கார்டோடு குருநாதன் மாமா கடைக்குப் போனார். நான் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அங்கே கம்பளி வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். அத்தா வந்த பிறகு இந்த இரண்டு வாரத்தில் மாமா அவர் முகத்தைப் பார்த்ததில்லை. "மச்சான், மகன் கார்டு போட்டுருக்கான். நல்லாச் சத்தமா வாசிங்க, ஒரு காது மந்தம்" என்றார் அத்தா. மாமாவுக்கு மூக்குக் கண்ணாடியைப் போடவே நேரம் பிடித்தது. வாசித்தார். பாடங்கள், பரீட்சை, சாப்பாடு. யாரும் அசையவில்லை. இரண்டு நாளாக மழை, துணி காயவில்லை என்று வந்ததும் அத்தா சிரித்தார். முன்பு பூனைக்குச் சிரித்த அதே சிரிப்பு, தொடையில் தட்டிக்கொண்டு. "துணி காயலையாம்ல! பாத்தீங்களா, என்ன கொழுப்பு!" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் கம்பளியை வைத்துவிட்டு இறங்கிப் போனார். மாமா கார்டைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். அத்தா வாங்கவில்லை.

"மறுபடி வாசிங்க மச்சான்" என்றார்.

மாமா மறுபடி வாசித்தார். அதே இடத்தில் அத்தா மறுபடி சிரித்தார்.

அடுத்த வாரமும் கார்டு போடு தம்பி. வேடிக்கையாக எதுவும் எழுத வேண்டாம், எழுதவே கூடாது. எங்கே சிரிப்பது என்பதை அத்தா பார்த்துக்கொள்வார்.

உன் அக்கா
ஆசியா